தபால்காரர் உதைக்கவே இல்லை

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கணுக்கால் என்று பெயர். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வாசலில் சீட்டு கொடுக்கும் அம்மாள், "காலா? நேரா போய்க் கணுக்காலைப் பாருங்க, மூணாவது கதவு" என்று கை காட்டிக் காட்டி, அந்தப் பெயரையே காணாமல் அடித்துவிட்டாள். முழங்காலுக்குக் கீழே சுளுக்கு, வீக்கம், குடைச்சல், மரத்துப்போதல் எதுவானாலும் பிசியோதெரபிக்கு அவளுடைய கட்டில்தான். முழங்காலுக்கு மேலே என்றால் அடுத்த அறை. அதிலெல்லாம் அவள் தலையிடுவதே இல்லை. அவளுடைய ராஜ்யம் சின்னது, ஆனால் ராணி கறாரானவள்.

மனிதர்களை அவள் கீழிருந்து மேலாகத்தான் பார்ப்பாள். பஸ் ஸ்டாப்பில் முன்னால் நிற்பவரின் குதிகாலைப் பார்ப்பாள், பாதத்தின் வெளிப்பக்கம் விரல்கள் அதிகமாக எட்டிப்பார்க்கிறதா என்று கவனிப்பாள், "இவருக்கு உள்ளங்கால் வளைவு இறங்கிட்டுது, பாவம்" என்று உச்சுக்கொட்டுவாள். முகம் அப்புறம்தான். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த தோழி ஒருநாள் கடைத்தெருவில் கட்டிப்பிடித்தபோது திருதிருவென்று விழித்தாள். தோழி செருப்பைக் கழற்றின பிறகுதான், "அடியே, நீயா!" என்று கத்தினாள். இதை நான் கயிறு திரிக்கவில்லை, அந்தத் தோழியே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்த கதை.

அதே நடைக்கூடத்தின் கோடியில் எக்ஸ்ரேக்காரர் இருந்தார். மற்றவர்கள் கால் பிசகினது என்று யார் வந்தாலும் உடனே அவரிடம் தள்ளிவிடுவார்கள். இவள் மாட்டாள். கணுக்காலின் இரண்டு பக்கத்து எலும்பு முண்டுகளையும் பின்பக்கமாக அமுக்குவாள், பாதத்தின் வெளி ஓரத்தை அமுக்குவாள், உள் ஓரத்தை அமுக்குவாள், பிறகு நாலடி நடக்கச் சொல்வாள். எலும்பில் வலி இல்லை, நடக்கவும் முடிகிறது என்றால் படமே வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்.

"நீங்க இப்படி அமுக்கி அமுக்கியே அனுப்பிட்டிருந்தா நான் இங்க ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்று எக்ஸ்ரேக்காரர் ஒருநாள் வந்து சண்டை பிடித்தார்.

"ஓட்டுங்களேன். ஈக்கும் உங்களுக்கும் நல்லது."

இப்படித்தான் ஆரம்பித்தது. அப்புறம், கம்ப்யூட்டரில் தானாக வந்து விழுகிற படத்தை இவள் நேரில் போய்ப் பார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள் மத்தியானம் அவர் அவளுடைய கட்டிலில் வந்து உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார், சாக்ஸையும் கழற்றினார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. சும்மா பாருங்க."

அவள் புறங்காலில் விரலை வைத்து நாடி பார்த்தாள். நாடியா அது? குதிரை ஓட்டம்.

"என்னங்க இது, இப்படி ஓடுது? படியேறி ஓடி வந்தீங்களா?"

"இல்லைங்க. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்க வந்தேன்."

அன்றைக்கு அதற்குப் பிறகு வந்த நோயாளிகள் எல்லாரையும் அவள் சிரித்துக்கொண்டே பார்த்தாள். வலது கால் வலிக்கிறது என்றவருக்கு இடது காலைப் பத்து நிமிஷம் சோதித்தாள். அவரும் பெரிய மனது பண்ணிச் சும்மா இருந்தார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

இனி அவளுடைய அப்பா. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் குள்ளம். சீட்டில் மெத்தை போட்டு உட்கார்ந்துதான் கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்த்தார். வீட்டில் எதற்கும் எக்கித்தான் நிற்பார். கதவின் மேல் தாழ்ப்பாளுக்கு எக்குவார், முகச்சவரம் செய்ய எக்குவார், ஆணியில் சட்டையை மாட்ட எக்குவார். ஸ்டூல் கொண்டுவந்தால் கோபம் வரும். எதையாவது பிடித்தால் ஒற்றைக்காலில் நிற்கிற மனுஷன். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரமே இல்லை. ஒருதடவை ஸ்டாப்பில் நின்ற சொந்த மனைவியையே விட்டுவிட்டு பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். "பஸ் புல்லா இருந்துச்சு" என்றார். அம்மா அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

எக்ஸ்ரேக்காரருடைய அப்பா தபால்காரர், அவரும் ஓய்வு பெற்றவர்தான். மனைவி இல்லை, மகன்தான் எல்லாம். நெட்டை என்றால் அப்படி ஒரு நெட்டை. ரோட்டில் நின்றபடியே மாடி வீட்டு ஜன்னலில் கடிதம் நீட்டுவாராம், மகன் சொன்னது. வாழ்நாள் முழுக்க சைக்கிள் மிதித்ததில் கெண்டைக்கால் இரண்டும் கல் மாதிரி இறுகியிருந்தன. முதல்முறை பார்த்தபோது கணுக்காலுக்குக் கைகள் பரபரத்தன. வருங்கால மாமனாரின் காலை அமுக்கிப் பார்ப்பது அழகில்லை என்று அடக்கிக்கொண்டாள்.

இரண்டு குடும்பமும் சந்திக்க வேண்டுமே, எங்கே வைத்துக்கொள்ளலாம்? எக்ஸ்ரேக்காரருக்குத்தான் அந்த அற்புதமான யோசனை வந்தது. "எதிரும் புதிருமா உக்காந்து முகத்தை முகத்தைப் பாத்துக்கிட்டா யாருக்கும் பேச்சு வராது. ஷட்டில் விளையாடலாம்."

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குக் கட்டடத்தின் பின்னால் ஒரு சிமெண்டுத் தளம் உண்டு, நடுவில் வலை கட்டி. பக்கத்தில் ராக்கெட்டுகளை வைக்கும் சின்ன அறை. ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் வருவதில்லை. அம்மா பழரசமும் பிஸ்கட்டும் கொண்டுவந்திருந்தாள். ஒரு பக்கம் இளஞ்ஜோடி, இன்னொரு பக்கம் அப்பாக்கள். குள்ளமானவர் முன்னால், நெட்டையானவர் பின்னால்.

ஐயோ, அந்த ஆட்டம்! டிரைவர் எல்லாப் பந்தையும் தானே அடிக்கப் பார்த்தார். தலைக்கு மேலே போவதை எகிறி எகிறித் துரத்தினார். பின்னால் தபால்காரர் ராக்கெட்டை ஓங்கியபடி காத்திருந்து காத்திருந்து ஏமாந்தார். முதலில், "பரவாயில்ல, அடிங்க" என்றார். பிறகு, "எனக்கும் ஒண்ணு விடுங்க சம்பந்தி" என்றார். பிறகு சம்பந்தியும் போய்விட்டது. "விடுங்க! அது என்னுது! விடுங்கன்னா!"

டிரைவர் விடவில்லை. பந்து உயரமாக வந்தது. அவர் பின்னங்காலை ஊன்றி எம்பினார். டொப் என்று ஒரு சத்தம். அப்படியே மடிந்து உட்கார்ந்தவர், திரும்பிப் பார்த்து ஒரு கத்துக் கத்தினார்.

"ஏன்யா உதைச்ச?"

தபால்காரர் ராக்கெட்டை ஓங்கியபடி சிலையாக நின்றார். "நானா? நான் எங்க உதைச்சேன்?"

"பின்னாடி குதிகால்ல ஓங்கி ஒரு உதை! நல்லா விழுந்துச்சே! உன்னைத் தவிர பின்னாடி வேற யாரு இருக்கா?"

யாரும் பார்க்கவில்லை, அதுதான் கொடுமை. அம்மா பழரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கணுக்கால் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரேக்காரர் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை தபால்காரர் கத்தின கத்தலை எல்லாரும் கேட்டிருந்ததால், உதைத்திருக்கவே மாட்டார் என்று சத்தியம் பண்ணவும் முடியவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும்.

அவள் ஓடிப்போய் உட்கார்ந்து கைப்பழக்கத்தில் வேலையைத் தொடங்கினாள். கணுக்கால் முண்டு இரண்டும் அமுக்கினாள், வலி இல்லை. பாதத்தின் ஓரங்களை அமுக்கினாள், இல்லை. குதிகாலைப் பிடித்து மேஜை டிராயரை இழுப்பதுபோல் முன்னால் இழுத்துப் பார்த்தாள், மூட்டு கெட்டியாக நின்றது. "பாதத்தைக் கீழ ஆட்டுங்கப்பா" என்றாள், ஆட்டினார். "நாலடி நடங்க" என்றாள், பாதத்தைத் தட்டையாகப் போட்டு நொண்டி நொண்டி நடந்தார்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தை எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றிவிட்டது.

"ஒண்ணும் இல்லையாமே!" என்று தபால்காரர் எகிறினார். "ஒண்ணும் இல்லாததுக்குத்தான் என்னைப் பிடிச்சு ரவுடி மாதிரி உதைச்சேன்னு சொன்னாரா? இத்தனை வருஷம் தெருத்தெருவா சுத்தியிருக்கேன், என்னைக் கடிச்ச நாயைக்கூட நான் உதைச்சதில்ல!"

"அப்ப நான் பொய் சொல்றேனா?" என்று டிரைவர் கேட்டார்.

"ஆமா!"

"இந்தக் கல்யாணம் நடக்காது!"

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்! வாடா!"

மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தபால்காரர் கேட்டைப் பார்த்து நடந்தார். எக்ஸ்ரேக்காரர் நடந்துகொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தார். காலில் நாடி பார்த்து வந்த கல்யாணம், ஒரு ஷட்டில் பந்தில் போய்விட்டதே! கணுக்கால் அப்பாவைப் பார்க்கக்கூடப் பிடிக்காமல் ராக்கெட்டுகளைப் பொறுக்கினாள்.

டிரைவர் தன்னுடைய ராக்கெட்டை மாட்ட அறைக்குள் போனார். ஆணி உயரத்தில் இருந்தது. கையை நீட்டினார், எட்டவில்லை. இன்னும் நீட்டினார். தோள் உயர்ந்தது, கழுத்து நீண்டது, நாக்குகூட வெளியே வந்தது. குதிகால் மட்டும் தரையில் ஒட்டினதுபோல் கிடந்தது.

அவள் கையிலிருந்த ராக்கெட்டுகள் எல்லாம் கீழே விழுந்தன. அப்பா எக்கவில்லை! பிறந்ததிலிருந்து அவள் பார்த்த அப்பா எக்கின அப்பாதான். கணுக்கால் கணுக்கால் என்று பேர் வாங்கி வாங்கி, கணுக்காலை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிட்டாளே! குப்புறப் போட்டுக் கெண்டைக்காலை ஒரு தடவை அமுக்கியிருக்க வேண்டாமா? படிக்கப் போன முதல் வருஷம் சொல்லிக்கொடுத்தது அது. காதல் வந்தால் படிப்பு போகும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

குதிகால் பிடரியில் பட அவள் ஓடினாள். "மாமா! நில்லுங்க மாமா! போகாதீங்க!"

கேட்டருகே தபால்காரரின் சட்டையைப் பிடித்து நிறுத்தி, மூச்சு வாங்க, "ஒரே ஒரு நிமிஷம். நீங்க உதைக்கலைன்னு காட்டறேன்" என்றாள். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் மனுஷன் திரும்பி வந்தார்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவை முதுகுச் சாய்வைப் பிடித்து மண்டியிடச் சொன்னாள். பாதங்கள் இரண்டும் பின்னால் காற்றில் தொங்கின. "நல்ல காலை முதல்ல பாக்கலாம்" என்று இடது கெண்டைக்கால் சதையைக் கையால் பிடித்து அமுக்கினாள். பாதம் தலையாட்டுவதுபோல் கீழே சாய்ந்தது. விட்டாள், நிமிர்ந்தது. பிறகு வலது கால். அமுக்கினாள். பாதம் அசையவில்லை. மறுபடி அமுக்கினாள். அதுபாட்டுக்குத் தொங்கியது.

"இதெல்லாம் ஏமாத்து வேலை" என்றார் டிரைவர், மண்டியிட்டபடியே. "வயசானா அப்படித்தான் இருக்கும். அந்த ஆளோட காலை அமுக்கு பாக்கலாம், அதுவும் ஆடாது!"

"ஆடாதா? என் காலா?" தபால்காரர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, பேன்ட்டைச் சுருட்டி, மண்டியிட்டார். "அமுக்கும்மா! ரெண்டையும் அமுக்கு!"

அவள் ஆசையெல்லாம் தீர அமுக்கினாள். தபால்காரரின் பெரிய பாதங்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அழகாகச் சாய்ந்து நிமிர்ந்தன. இரண்டு அப்பாக்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் மண்டிபோட்டு, கழுத்தைத் திருப்பித் தங்கள் தங்கள் பின்னங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பில்லை, கண்ணில் நீர் வர, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அறுந்துட்டுது! அப்பா, அறுந்தே போச்சு! ஐயோ, நல்லா அறுந்திருக்கு!"

"அடிப்பாவி, எதுடீ?"

"குதிகால் நாண்! இந்தச் சதையையும் குதிகாலையும் கட்டி வச்சிருக்கற கயிறு! அது அறும்போது எல்லாருக்கும் பின்னாடி யாரோ உதைச்ச மாதிரியேதான் இருக்கும். என்கிட்ட வர்றவங்க எல்லாரும் திரும்பிப் பாத்து யாரையாவது திட்டிட்டுத்தான் வருவாங்க. ஒருத்தர் சுவரைத் திட்டியிருக்கார்! மாமா உதைக்கவே இல்லப்பா!"

"எக்ஸ்ரே எடுத்துரலாமா?" என்று எக்ஸ்ரேக்காரர் ஆவலாகக் கேட்டார்.

"எக்ஸ்ரேல நாண் தெரியாது. பேசாம இருங்க" என்றாள், சிரிப்பை நிறுத்த முடியாமல்.

"பெத்த அப்பனோட கால் அறுந்ததுக்கு எவளாவது இப்படிச் சிரிப்பாளா?" என்று டிரைவர் வானத்தைப் பார்த்துக் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவளும் அன்று சாயங்காலம் அதை நினைத்து அழுதாள், நடுநடுவே சிரித்துக்கொண்டு.

அத்தோடு எல்லாம் சுபம் என்று நினைத்தால் தப்பு. தபால்காரர் சுருட்டின பேன்ட்டை இறக்கிவிட்டு, நிதானமாகச் சொன்னார். "உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. ஆனா உதைச்சேன்னு சொன்ன வாய், உதைக்கலைன்னும் சொல்லணும். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை. அப்புறம் தேதி குறிக்கலாம்."

எல்லாரும் டிரைவரைப் பார்த்தார்கள். டிரைவர் தபால்காரரை ஏற இறங்கப் பார்த்தார், ஏறத்தான் அதிகமாகப் பார்த்தார். "முதல்ல கால் சரியாகட்டும்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆபரேஷன் நடந்தது. பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தபடி பெரிய பூட்ஸுக்குள் போனது. குதிகாலைத் தூக்கிப்பிடிக்க பூட்ஸுக்குள் அடியில் வைத்த துண்டுகளை நாளாக ஆக ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கணுக்கால் வீட்டிலேயே அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்தாள். என்ன அதிசயம், எந்த வேலையையும் முணுமுணுக்காமல் செய்யாத மனுஷன் இதை மட்டும் சொன்னதற்கு மேல் செய்தார்! "இன்னிக்கு இது போதும்பா" என்றால், "இன்னும் கொஞ்சம்" என்பார். "எப்ப நான் எக்கலாம்?" என்று அதே கேள்வியைக் காலையிலும் கேட்பார், மாலையிலும் கேட்பார்.

"எக்கறது இருக்கட்டும். மாமாவுக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"கால் சரியாகட்டும்."

"காலுக்கும் வாய்க்கும் என்னப்பா சம்பந்தம்?"

அவர் மறுபடி பயிற்சியில் இறங்கிவிடுவார். நாள் கடத்துகிறார் என்று அவள் மனதுக்குள் பொருமினாள். எக்ஸ்ரேக்காரர் நடைக்கூடத்தில் எதிர்ப்படும்போதெல்லாம் புருவத்தை உயர்த்துவார், இவள் உதட்டைப் பிதுக்குவாள். ஒருநாள் கோபத்தில், "என் கல்யாணம் உங்க குதிகால்ல தொங்குதுப்பா!" என்று கத்தியே விட்டாள். டிரைவர், "தெரியும் கண்ணு" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

கடைசியில் சோதனைக்கான நாள் வந்தது. ஆபரேஷன் செய்த காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கவேண்டும். ஒரு தடவை தூக்கினால் போதாது, திரும்பத் திரும்பத் தூக்கவேண்டும். சதை முழுசாகத் தேறினதற்கு அதுதான் அத்தாட்சி. விழாமலிருக்க விரல் நுனியால் சுவரைத் தொட்டுக்கொள்ளலாம்.

"தபால்காரரை வரச் சொல்லு" என்றார் டிரைவர், முந்தின நாள்.

வந்தார். மூணாவது கதவுக்குள், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே கையைக் கட்டிக்கொண்டு, கூரையில் தலை இடிக்காத குறையாக நின்றார். எக்ஸ்ரேக்காரர் வாசலில் நின்றார். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"சுவரைப் பிடிச்சுக்கோங்கப்பா" என்றாள் கணுக்கால்.

"சுவர் வேண்டாம். இவர் தோளைப் பிடிச்சுக்கறேன்."

தபால்காரர் கட்டின கையை அவிழ்க்கவில்லை. டிரைவர் அவருக்கு எதிரே போய் நின்று, கையை உயர்த்தித் தோளில் விரல்களை வைத்தார். இடது காலை மடக்கினார். வலது கெண்டைக்கால் இறுகியது. குதிகால் தரையைவிட்டு மெல்ல, நடுங்கிக்கொண்டு, எழுந்தது. எழுந்து உயர்ந்து, அவருடைய வாய் தபால்காரரின் காதுக்கு எட்டின மட்டும் கிட்டே போனது. அங்கே அவர் என்னவோ சொன்னார். கீழே இறங்கினார்.

அறையில் யாருக்கும் அது கேட்கவில்லை. தபால்காரரின் முகம் மாறினது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. கட்டின கை அவிழ்ந்தது. ஆனால் தபால்காரர் சும்மா விடுகிற ஆளா?

"என்ன? சரியா கேக்கல" என்றார்.

டிரைவர் மறுபடி எக்கினார். சொன்னார். இறங்கினார்.

"வயசாச்சு பாருங்க, காது மந்தம். என்ன சொன்னீங்க?"

மறுபடி எக்கினார். மறுபடி. மறுபடி. ஒவ்வொரு தடவையும் குதிகால் அதே உயரத்துக்குப் போனது. கணுக்கால் தரையில் குந்தி உட்கார்ந்து அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணிக்கொண்டிருந்தவள் எண்ணிக்கையைத் தவறவிட்டாள். இத்தனை மாதமாக அப்பா எதற்காக அப்படி உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஏம்ப்பா," என்றாள் குந்தினபடியே, "மாமாவைக் கொஞ்சம் குனியச் சொல்லியிருக்கலாமே. அன்னைக்கே முடிஞ்சிருக்குமே."

டிரைவர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினார். "தப்பு பண்ணினவன் நான். அவரைக் குனியச் சொல்லிட்டா நான் மன்னிப்பு கேக்கறது?"

அம்மா மூக்கை உறிஞ்சினாள், எத்தனையோ வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை வேறொருவருக்குப் போனதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கலாம். டிரைவர் இன்னொரு தடவைக்குத் தயாராகி விரல்களைத் தோளில் வைத்தார். கால் வெடவெடவென்று நடுங்கியது. குதிகால் பாதி எழுந்து நின்றது.

அப்போது தபால்காரர் குனிந்தார். அந்த நெட்டை உடம்பை இடுப்பில் மடித்து, காதைக் கொண்டுபோய் டிரைவரின் வாயருகே வைத்தார். "போதும் சம்பந்தி. இப்பச் சொல்லுங்க, நல்லா கேக்கும்."

டிரைவர் காலைக் கீழே ஊன்றி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"மன்னிச்சிருங்க. ஆனா அந்தப் பந்து என்னுதுதான்."

தபால்காரர் சிரித்த சிரிப்பில் வாசலில் சீட்டு கொடுக்கும் அம்மாள் என்னமோ ஏதோ என்று எழுந்து ஓடிவந்தாள். அம்மா தேதி பார்க்கக் காலண்டரைத் தேடினாள். கணுக்காலும் எக்ஸ்ரேக்காரரும் தலைகால் புரியாமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள், வெளியே நோயாளிகள் காத்திருப்பதுகூட ஞாபகம் இல்லாமல்.